தண்ணீர் குடித்த அடுப்பு

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வெடித்த அடுப்பு ஒன்று நிற்கிறது. மெக்சிக்கோ நாட்டு மண் அடுப்பு. பெரிய பானை ஒன்றின் வயிற்றில் வாயைத் திறந்து, மேலே நீளக் கழுத்து வைத்து, மூன்று கால் இரும்பு வளையத்தில் குந்த வைத்ததுபோல இருக்கும். வாய்க்குள் விறகை அடுக்கிப் பற்றவைத்தால் புகை கழுத்தால் போகும். அதில் சமைப்பதில்லை. சுற்றிவரக் கதிரை போட்டிருந்து குளிர்காய்வதற்குத்தான். டென்மார்க்கின் கோடையை நம்பித் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு முகத்தில் வெயிலும் முதுகில் குளிருமாகத்தான் பின்னேரம் போகும்.

வாய் விளிம்பில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் வெடிப்பு ஓடுகிறது. கழுத்தைச் சுற்றி இரண்டு கம்பிக் கட்டு. வெடிப்புக்குள் சாம்பல் நிறச் சாந்து அப்பியிருக்கிறது. அப்படியும் கொஞ்சம் புகை அதனால் கசியும். கசிகிற பக்கத்தில்தான் என்னுடைய கதிரை. நாலு கதிரைகளில் அதை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வருகிற சனம் சும்மா இருக்காது. "உதை எறிஞ்சுபோட்டுப் புதுசா ஒண்டை வாங்குங்கோவன்" என்று சொல்லும். "உங்கடை வீட்டு அடுப்பைப் போய்ப் பாருங்கோ" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வாயால் வந்த வினைதான் இதெல்லாம்.

அடுப்பு வந்தது ஒரு மே மாதம். இக்காஸ்ட் என்கிற இந்தச் சின்ன ஊரில் நாங்கள் தோட்டத்தோடு வீடு வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. காலைமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க வாசலில் லொறி வந்து நின்றது. பலகைத் தட்டில், வைக்கோலும் கடதாசியும் சுற்றி, என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சாமான். சாரதி கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் மனிசன் வைக்கோலை ஒவ்வொரு பிடியாக உருவி எடுத்தார். முதலில் கழுத்து தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு வாய். வெயில் பட்டதும் அந்த மண் நிறம் தோட்டம் முழுக்கப் பரவினதுபோல எனக்குத் தெரிந்தது. நித்திரையும் விழிப்புமாக இருக்கும்போது கண்ணுக்குள் வருமே ஒரு செம்மை, அப்படி ஒன்று. வாய்க்குள் ஒரு அட்டை இருந்தது. அதில் ஒரே ஒரு சொல், தமிழ் எழுத்தில்: அப்பாவுக்கு.

எழுத்தைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து. 'ப்' இல் புள்ளி எப்போதும் தள்ளித்தான் விழும். எங்கள் மகள். கோபன்ஹேகன் பக்கம், ஹ்விடோவ்ரேயில் இருக்கிறாள். நான் அவளோடு கதைத்து அன்றைக்கு இரண்டு வருஷம்.

"அம்மா எண்டும் ஒரு சொல் எழுதியிருந்தால் கை தேய்ஞ்சு போயிருக்குமோ?" என்று கேட்டேன்.

"இஞ்சேரும், காலங்காத்தாலை தொடங்காதேயும்" என்றார் மனிசன். அவர் அடுப்பின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஏன் அடுப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் முதலில் இருந்தது ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். ஜூன் மாதம் சாங்க்ட் ஹான்ஸ் நாளில் ஊரே குளக்கரைக்குப் போய் விறகுக் குவியலைக் கொளுத்தும். இந்த நாட்டு வழக்கம் அது. குவியலின் உச்சியில் வைக்கோலால் செய்த சூனியக்காரி ஒருத்தியைக் குத்தி வைப்பார்கள். மகள் தகப்பனின் தோளில் இருந்தபடி அந்த நெருப்பைப் பார்த்துப் பார்த்து அப்படியே நித்திரையாகிவிடுவாள். வீட்டுக்கு வந்து படுக்கையில் போட்டால் கண்ணைத் திறக்காமல் கேட்பாள்: "அப்பா, எங்கடை வீட்டிலை ஏன் நெருப்பு இல்லை?" "தோட்டம் வைச்ச வீடு வாங்கினாப் பிறகு பத்துவம் குஞ்சு" என்பார் இவர். தோட்டம் வைத்த வீடு வாங்கியபோது பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் என் வாயைத் திறந்தேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன பயன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசினியில், மகள் சொன்னாள், ஒரு டெனிஷ் பெடியனோடு சேர்ந்து இருக்கப் போறாளாம். கலியாணம் கட்டாமலோ என்று கேட்டேன். அது பேந்து யோசிப்பம் என்று டெனிஷில் சொன்னாள். எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு அப்படித்தான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு நெஞ்சில் ஏறி மிதிக்கிறதுபோல இருந்தது. "அந்தப் படியைத் தாண்டினாயெண்டால் திரும்பி இஞ்சை வரப்படாது" என்றேன். பிள்ளை கைப்பையை எடுத்துக்கொண்டு தாண்டினாள். மனிசன் கோப்பை துடைக்கிற துணியோடு அப்படியே நின்றார். அவள் பேருந்து ஏறும் வரைக்கும் நான் யன்னலடியில் நின்று பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பேனோ? அதுவும் தெரியாது.

வாய்க்கொழுப்பு சீலையால் வடியும் என்பார்கள். எனக்கு இரண்டு வருஷமாக வடிந்தது. மனிசன் தோட்டத்து மூலைக்குப் போய் நின்று அவளோடு ரெலிபோனில் கதைப்பார். நான் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டு காதை மட்டும் அங்கே அனுப்புவேன். நான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் ஒரு அம்மா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமையானால் தலை வாரி, கழுத்துமாலை போட்டு, யன்னலடியில் ஒரு வெறுங்கதிரையை இழுத்து வைத்துவிட்டு இருப்பா. மகன் வருவானாம். நான் அவவுக்குக் கோப்பி ஊற்றுவேன், அந்தக் கதிரையைப் பார்க்கமாட்டேன்.

அடுப்பை மனிசன் பற்றவைக்கவில்லை. அப்பிள் மரத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, நெருப்பில்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பின்னேரம் எட்டு மணி, ஒன்பது மணி, வெளிச்சம் போகாது. ஜூன் மாதத்தில் இந்த நாட்டு ஆகாயம் இருட்டுவதற்கு மறந்துபோகும். வேலிக்கு அப்பால் யாரோ புல்லு வெட்டுவார்கள், பிறகு அதுவும் நிற்கும். பால் நிறமான அந்த வெளிச்சத்தில் மனிசனும் அடுப்பும் எதிரும் புதிருமாக இருப்பதை நான் குசினியிலிருந்து பார்ப்பேன். இரண்டு பேருக்கும் வயிறு ஒரே அளவு.

"என்ன, பூசை செய்யப் போறியளோ? பத்துங்கோவன்" என்றேன் ஒருநாள்.

"பிள்ளை வந்தாப் பிறகு."

"வருவாளாமோ?"

அவர் அடுப்பில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "சாங்க்ட் ஹான்ஸுக்கு வரச் சொன்னனான். அம்மா கூப்பிட்டால் வாறன் எண்டாள். நீர் ஒரு சொல் சொன்னீரெண்டால் காணும்."

"நான் ஏன் கூப்பிடவேணும்? அவளுக்கு வழி தெரியாதோ?"

"வழி தெரியும். நீர்தான் அடைச்சனீர்" என்றார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனிசன் எனக்கு இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. நான் உள்ளே போய் ஒரு காரணமும் இல்லாமல் சட்டி பானையெல்லாம் இறக்கிக் கழுவினேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் புறப்பட்டார், அதுவும் கோபன்ஹேகன் பக்கம்தான். பழைய கூட்டாளியின் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க உதவியாம், மூன்று நாள் நிற்பாராம். தோள்மூட்டு நோகிறது என்று எனக்குத் தேங்காய் திருவித் தராத மனிசன் பெயின்ற் அடிக்கப் போகிறாராம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். மகளிடம்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கு. பிறகு கொஞ்சம் யோசித்து, மூன்று பேருக்கு.

ரெயில் போனது. வீட்டில் நான் தனி. வேலைக்கும் லீவு. பின்னேரம் தோட்டத்துக்குப் போய் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். அப்போதுதான் எனக்கு அந்த மகா புத்தி வந்தது. கூப்பிடாவிட்டால் என்ன, அவள் வருகிற நாளைக்கு அடுப்பை ஆயத்தமாக்கி வைப்போம். அதைக் கண்டால் அவளுக்கு விளங்கும். சொல்லாமலே சொன்னதாகிவிடும். இப்படித்தான் ஆணவம் பிடித்தவளுக்குக் குறுக்கு வழிகள் தெரியும்.

அடுப்போடு டெனிஷில் எழுதின ஒரு கடதாசி வந்திருந்தது, நாலு பக்கம். எடுத்து வாசித்தேன். 'பாவிக்க முன் அடுப்பைப் பழக்கவேண்டும்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மண்சட்டி பழக்க எனக்கு ஒரு மெக்சிக்கோக்காரனோ டெனிஷ்காரனோ சொல்லித் தரவேணுமா? கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். மற்ற மூன்று பக்கமும் திறக்கவேயில்லை.

புதுச் சட்டியை எப்படிப் பழக்குவது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீரில் நல்லாக ஊற வைக்கவேண்டும். பிறகு கஞ்சித் தண்ணி விட்டு அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்கவேண்டும். அப்படிச் செய்தால் சட்டி ஆயுசுக்கும் வெடிக்காது. மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில் கடையில் மண்சட்டி வந்தால் வாங்கி வந்து குளியல் தொட்டியில்தான் ஊறப்போடுவேன். மகளுக்கு அப்போது நாலு வயது இருக்கும். தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வருவதைக் கேட்பாள். "அம்மா, சட்டி தண்ணி குடிக்குது!" என்பாள். தமிழில்தான் சொல்லுவாள். அந்த வயதில் அவளுக்குத் தமிழ் மட்டும்தான் இருந்தது.

தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து அடுப்பின் வாய்க்குள் விட்டேன். வயிறு வாய் விளிம்பு வரைக்கும் நிறைந்தது. பழைய துவாய்களை நனைத்துக் கழுத்தில் சுற்றினேன். ஒரு நிமிஷம்தான், மண் குடிக்கத் தொடங்கியது. சொர்ர்ர் என்று ஒரு சத்தம். இளம் செம்மை கருஞ்செம்மையாக மாறிக் கீழே இறங்கியது. புல்லில் முழங்கால் குத்தி அதன் வயிற்றில் காதை வைத்தேன். குளிர்ச்சி. உள்ளே குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. வெளிச்சம் அசையாமல் நின்றது. அடுத்த வீட்டுப் பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில் எனக்கு என்ன வயது, எந்த வீட்டில் இருக்கிறேன் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னொரு கன்னம் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் தண்ணீர் விட்டேன். சனிக்கிழமை காலைமை தண்ணீரைக் கோப்பையால் அள்ளி இறைத்துவிட்டுக் கஞ்சித் தண்ணியை உள்ளேயும் வெளியேயும் பூசினேன். பின்னேரம் விறகை அடுக்கினேன். மெலிந்த குச்சியில் தொடங்கி, பேர்ச் மர விறகு மூன்று துண்டு, பிறகு இன்னும் இரண்டு. நல்லாக எரித்தால்தான் மண் இறுகும் என்று என் எண்ணம். நெருப்புப் பிடித்துக்கொண்டது.

முதலில் வந்தது புகையில்லை, நீராவி. வெள்ளையாக, தடிப்பாகக் கழுத்தால் எழும்பிச் சாய்ந்த வெயிலுக்குள் போய் நின்றது. அப்பிள் மரம் மறைந்தது, வேலி மறைந்தது. வடிவாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லவேணும். நனைந்த மண் மணம். நான் மனிசனின் கதிரையில் சாய்ந்தேன். கண் செருகியது. ஒரு சின்னப் பிள்ளை ஈரக் காலோடு குளியலறையிலிருந்து ஓடிவருகிறது. நில், வழுக்கும், வழுக்கும் என்கிறேன். அது சிரித்துக்கொண்டு வாசல்படிப் பக்கம் போகிறது. தாண்டாதே என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

டக்.

கண்ணைத் திறந்தேன். கறுப்பாக ஒரு கோடு வாய் விளிம்பிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் கண்முன்னால், மெல்ல, அவசரமில்லாமல் கழுத்து வரைக்கும் போய் நின்றது. கோட்டுக்குள்ளே நெருப்பு தெரிந்தது.

ஐயோ சிவனே என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கத்தக்கதாகக் கத்தினேன். விறகை இழுத்து வெளியே போட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு உள்ளே ஓடி லாச்சியைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்து இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். அடுப்பு எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஒருபோதும் தண்ணீர் விடக்கூடாது. நனைந்திருந்தால் பற்றவைக்கக்கூடாது. அடியில் மணல் போட்டு, சின்ன நெருப்பாக, பல நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தது. இருபது வருஷமாக வயோதிபர் இல்லத்தில் டெனிஷில் அறிக்கை எழுதுகிறவள் நான்!

படியில் குந்தியிருந்து அழுதேன். அடுப்புக்காக மட்டும் அழுதேன் என்றால் அது பொய். சாங்க்ட் ஹான்ஸுக்கு இன்னும் நாலு நாள். மனிசன் நாளைக்கு வந்து பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். மகளுக்குச் சொல்லுவார், அல்லது சொல்லாமல் விடுவார். அவள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள்? அம்மா வேணுமெண்டே உடைச்சவா. அவள் அப்படி நினைத்தால் நான் எந்த முகத்தோடு இல்லை என்று சொல்ல முடியும்? நான்தானே அவளுக்கு வாசலை அடைத்தவள். அவள் வராமல் இருப்பதுகூடப் பரவாயில்லை, அப்படி நினைத்துக்கொண்டு வராமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது.

எழும்பி ரெலிபோனை எடுத்தேன். நம்பர் 'பிள்ளை' என்றுதான் இருந்தது. அதை நான் ஒருநாளும் அழித்ததில்லை. இந்த முறை யோசிக்காமல் அமத்தினேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றேன். "உன்ரை அடுப்பை உடைச்சுப்போட்டன்."

"என்ன?"

"வெடிச்சுப்போச்சு. நான்தான் வெடிக்க வைச்சனான். வேணுமெண்டு செய்யேல்லை, பிள்ளை. நீ வந்தால் பத்தலாம் எண்டு பழக்கினனான். ரண்டு நாள் ஊற வைச்சுக் கஞ்சித் தண்ணியும் பூசி..."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கார் போனது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வெடித்த அடுப்பின் வாயில் கடைசி நெருப்புத் தணல் சிவந்து சிவந்து அடங்கியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

"அம்மா" என்றாள். "தண்ணி குடிச்சதோ?"

தமிழில் கேட்டாள்.

"ஓம்" என்றேன். "நல்லாக் குடிச்சுது. காது வைச்சுக் கேட்டனான். நீ பக்கத்திலை இல்லாமல் தனியக் கேட்டனான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு டெனிஷுக்குத் திரும்பிவிட்டாள். வெடிப்புக்குப் பூசுகிற சாந்து கடையில் இருக்கிறது, அவருக்கு அந்த வேலை தெரியும், கம்பியால் கட்டினால் நிற்கும் என்று கடகடவென்று சொன்னாள். அவர் என்றால் அந்தப் பெடியன். சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவள் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக நான் விழுங்கி வைத்திருந்த சொல் ஒன்றுதான்.

"சாங்க்ட் ஹான்ஸுக்கு வாங்கோ" என்றேன். "ரண்டு பேரும் வாங்கோ."

சொன்ன கையோடு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் வாய் தன் பாட்டில் ஓடத் தொடங்கியது. "நான் சூனியக்காரி இல்லை எண்டு அவருக்குச் சொல்லு. சொன்னாலும் நம்பமாட்டார், பரவாயில்லை. என்ன சமைக்கிறது எண்டு சொல்லு. அவர் உறைப்புத் தின்னுவாரோ?"

மகள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்குப் பின்னாலிருந்து, அல்பர்ட்ஸ்லுண்டில் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்க வேண்டிய என் மனிசனின் குரல் கேட்டது.

"தின்னுவார், தின்னுவார்! நீர் கட்டித் தந்த சம்பல் முழுக்க அவர்தான் முடிச்சவர்!"